மரக்கறி லொறிக்கு ஏற்ற படங்கு



ஒரு போகத்து உழைப்பின் விலை, சந்தை செல்லும் சில மணி நேரத்தில் குறைந்துவிடலாம். கொட்டகலையிலிருந்து கோவா, லீக்ஸ் ஏற்றும் சிறு லொறிக்கு எத்தகைய படங்கு உகந்தது?

பறித்த மரக்கறியும் சுவாசித்து வெப்பம் உண்டாக்கும். மலையிலிருந்து ஆயிரம் மீற்றர் இறங்கினால், காற்றின் வெப்பமும் ஏறக்குறைய 6 பாகை கூடும். பிளாஸ்ரிக் தாளால் இறுக மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து அழுகல் தொடங்கும். கருநிறம் வெயிலை ஈர்க்கும்.

ஆகையால் வெளிர்நிறக் கித்தான் படங்கைத் தெரிவு செய்க. வாங்குமுன் தண்ணீர் ஊற்றி ஒழுக்கைச் சோதிக்க. வளைகம்பிகளின் மேல், சரக்கில் படாதவாறு ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுக. நனைந்த கித்தான் எதிலேனும் பட்டால் அவ்விடத்தில் நீர் கசியும். மழையற்ற வேளையில் பின்புறத்தைச் சற்று உயர்த்தி வெப்பத்தை வெளியேற்றுக. படங்கை உலர்த்தியே மடித்து வைக்க. இல்லையேல் பூஞ்சணம் அரிக்கும்.