நம்மவர் என்னும் ஒரு சொல்

(திருக்கோயில் வளாகத்தில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது என்று அருளாளர் அனைவரும் ஒரே குரலில் கூறியுள்ளனர். பிறவியை அளிப்பது இறைவன் திருவருள். அப்பிறவிக்குரிய மனிதத் தன்மையைக் காத்துக்கொள்வது மட்டும் மனிதனின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. பொன்னையும் பொருளையும் கள்வர் கவரலாம். நாட்டைப் பகைவர் பறிக்கலாம். உடல்நலத்தை நோய் அழிக்கலாம். மனிதத் தன்மையைப் பிறர் எவராலும் பறித்தல் இயலாது. அவரவரே அதனைக் கைவிட்டால்தான் உண்டு.

அதனை மனிதன் எப்போது கைவிடுகிறான்? எதிரில் நிற்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று உள்ளம் முடிவு செய்யும் அந்தக் கணத்தில் கைவிடுகிறான். நம்மவர் என்னும் ஒரு சொல் நெஞ்சில் இருக்கும்வரை மனிதத் தன்மை இருக்கும். அச்சொல் அகன்றால் கல்வியும் செல்வமும் வழிபாடும் இருந்தும் பயனில்லை.

இவ்வுண்மையை விளக்கும் திருத்தலம் ஒன்று தமிழகத்தில் உண்டு. அது தென்பெண்ணையாற்றின் கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவலூர். சிவபெருமானின் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றும், திருமாலின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றும் இவ்வூரிலேயே அமைந்துள்ளன. இவ்வூரோடு தொடர்புடைய மூன்று நிகழ்ச்சிகள் குழந்தையிடத்தும், அறிமுகமில்லாதவரிடத்தும், பகைவரிடத்தும் மனிதத் தன்மை எவ்வாறு காக்கப்பட்டது என்பதை வரிசையாகக் காட்டுகின்றன.

யானையின் முன் குழந்தைகள்

சங்க காலத்தில் திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் மலையமான்கள். புலவர்க்கு வாரி வழங்கிய மரபினர். சோழன் கிள்ளிவளவனுக்கும் மலையமானுக்கும் பகை மூண்டது. மலையமானின் இளம் பிள்ளைகள் சோழன் கையில் அகப்பட்டனர். அவர்களை யானைக் காலில் இட்டுக் கொல்லும்படி சோழன் ஆணையிட்டான். மன்றத்தில் கூட்டம் கூடியது. யானையும் கொண்டுவரப்பட்டது.

அப்போது கோவூர் கிழார் என்னும் புலவர் குறுக்கிட்டார். புறநானூற்றின் 46ஆம் பாடல் அவர் அன்று பாடியது. சோழன் எந்த மரபில் வந்தவன் என்பதை அவர் முதலில் நினைவூட்டினார். ஒரு புறாவின் உயிரைக் காக்கத் தன் உடலையே கொடுக்க முன்வந்த சிபியின் குலம் அது. அடுத்து, பிள்ளைகள் எந்த மரபினர் என்பதைக் கூறினார். அறிஞர் வறுமையுறாமல் இருக்கத் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் குலம் அது. பின்பு அக்குழந்தைகளையே காணும்படி செய்தார். அவர்கள் மிகச் சிறியவர்கள். தம்மைக் கொல்ல வந்த யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டனர். புதிய இடத்தையும் கூட்டத்தையும் பார்த்து மருண்டு நின்றனர். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இனி உன் விருப்பப்படி செய்க என்று புலவர் முடித்தார். பிள்ளைகள் உயிர் பிழைத்தனர்.

கிள்ளிவளவன் இயல்பில் கொடியவனா? இல்லை. அதே புறநானூற்றில் 173ஆம் பாடல் அவன் பாடியதாகவே உள்ளது. சிறுகுடி என்னும் ஊரில் பண்ணன் என்பவன் பசித்தோர்க்கு உணவளித்து வந்தான். அதனை நேரில் கண்டு உருகிய சோழன், தன் வாழ்நாளையும் பண்ணனே பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்தினான். பசித்தவர் பொருட்டுத் தன் ஆயுளையே கொடுக்க நினைத்த அரசனே பகைவன் பிள்ளைகளை யானைக்கு இடத் துணிந்தான். நல்லவர் என்று பெயர் பெற்றவரிடத்தும் இவ்வீழ்ச்சி நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பகைமை அவன் கண்ணை மறைத்தபோது, எதிரில் இருந்தவர்கள் குழந்தைகளாகத் தோன்றவில்லை. மலையமானின் வித்தாகவே தோன்றினர். புலவர் அவனுக்குப் புதிய அறம் எதனையும் கற்பிக்கவில்லை. மறைந்திருந்த குழந்தை முகத்தை மீண்டும் காட்டினார். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

இருளில் ஓர் இடைகழி

இரண்டாவது நிகழ்ச்சி ஆழ்வார்களின் வரலாற்றில் வருவது. ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார் திருக்கோவலூரை அடைந்தார். மிருகண்டு முனிவரின் இல்லத்து இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கும் அளவே அவ்விடம் இருந்தது. சற்று நேரத்தில் பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கக்கூடிய இடத்தில் இருவர் அமரலாம் என்று கூறி முன்னவர் எழுந்து அமர்ந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர்.

அவர்கள் ஒருவரை ஒருவர் முன்பு அறியார். இருட்டில் முகமும் தெரியவில்லை. வந்தவரின் ஊர் எது, குலம் எது என்னும் கேள்வி அங்கு எழவில்லை. மழையில் நனைந்து ஒருவர் நிற்கிறார் என்பது மட்டுமே தெரிந்தது. அதுவே போதும் என்று படுத்திருந்தவர் எழுந்தார், அமர்ந்திருந்தவர்கள் நின்றனர். அந்த நெருக்கத்தில் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். அவர் திருமாலே என்பது அந்தாதிகளாகிய விளக்கொளியில் வெளிப்பட்டது. அன்று பிறந்த மூன்று அந்தாதிகளும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன.

இடம் பெரிதாக இருந்ததனால் இறைவன் அங்கே வரவில்லை. பிறர்க்காகத் தம்மைச் சுருக்கிக்கொண்ட மூவரிடையே அவன் வந்து நின்றான்.

மெய்ப்பொருள் நாயனார்

குழந்தையிடத்து இரக்கம் கொள்வது எளிது. நனைந்து வந்தவர்க்கு இடம் கொடுப்பதும் முயன்றால் இயலும். தன்னைக் கொல்பவனிடத்து என்ன செய்வது? இதற்கு விடையாக அமைந்தது திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் இவ்வரலாறு விரிவாக உள்ளது.

நாயனார் திருநீறும் சடைமுடியும் விளங்கும் சிவனடியார் வேடத்தையே மெய்ப்பொருள் எனக் கொண்டு வழிபட்டவர். முத்தநாதன் என்பவன் அவரோடு பலமுறை போரிட்டுத் தோற்றவன். போரில் வெல்ல இயலாது என அறிந்த அவன், மேனி முழுதும் நீறு பூசிச் சடை முடித்து, புத்தகம் போன்ற கட்டினுள் படைக்கருவியை மறைத்துக்கொண்டு, ஓர் இரவில் அரண்மனை புகுந்தான். வேடத்தைக் கண்ட காவலர் வழிவிட்டனர். கடைசி வாயிலில் இருந்த தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், காலமறிந்து செல்லுங்கள் என்றான். முத்தநாதன் கேளாமல் உட்புகுந்தான். அரசர் எழுந்து வணங்கினார். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாக அவன் கூறினான். அரசியை அந்தப்புரம் செல்லச் செய்து, அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, அரசர் தாம் தரையில் அமர்ந்து தலைதாழ்த்தினார். அந்நிலையில் முத்தநாதன் தான் எண்ணியதைச் செய்து முடித்தான்.

தத்தன் வாளோடு பாய்ந்தான். குருதி சோர வீழும் நிலையிலும் அரசர் கையை நீட்டித் தடுத்து, இவர் நம்மவர் என்று உணர்த்தினார். இவருக்கு எவரும் தீங்கு செய்யாதவாறு ஊர் எல்லை கடத்தி விட்டு வருக என்றும் பணித்தார்.

இவ்விடத்தில் இருவரை ஒப்பிட்டு நோக்க வேண்டும். முத்தநாதனிடம் திருநீறு இருந்தது, சடைமுடி இருந்தது, கையில் புத்தகமும் இருந்தது. மனிதத் தன்மை இல்லை. அரசரோ நாட்டையும் உயிரையும் இழந்துகொண்டிருந்தார். நம்மவர் என்னும் சொல்லை இழக்கவில்லை. அந்த அறையில் உண்மையில் தோற்றவன் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தத்தன் செய்த தொண்டு

இவ்வரலாற்றைக் கேட்போர் அரசரை எண்ணி வியக்கின்றனர். சாதாரண மனிதர்க்கு இன்னும் நெருக்கமானவன் தத்தன். அரசருக்கு அவ்வேடத்தில் சிவம் தெரிந்தது. தத்தனுக்குத் தெரிந்ததோ தன் தலைவனைக் கொன்றவன். அவன் நெஞ்சில் சினம் எரிந்தது. கையில் வாளும் இருந்தது. ஆயினும் ஆணையைத் தலைமேற்கொண்டு, கொன்றவனுக்கே காவலாக நடந்தான். செய்தி அறிந்த மக்கள் வழியெங்கும் சூழ்ந்துகொண்டனர். அவர்கள் அனைவரையும் அரசர் ஆணையைக் கூறித் தடுத்தான். ஊரைக் கடந்து, நாட்டு மக்கள் வாராத காட்டருகே அவனை விட்டுத் திரும்பினான். அச்செய்தியைக் கேட்பதற்காகவே உயிரைத் தாங்கியிருந்த அரசர், இன்று நீ எனக்குச் செய்த உதவியை வேறு யார் செய்ய வல்லார் என்று நன்றி பாராட்டினார். சுற்றத்தாரிடம் திருநீற்றின் அன்பைப் போற்றிக் காக்குமாறு சொல்லிச் சிவபெருமானைச் சிந்தித்தார். பெருமான் காட்சி தந்து அவரைத் தம் திருவடி நிழலில் சேர்த்தருளினார்.

சினம் தோன்றுவது மனித இயல்பு. சினத்தோடு ஓங்கிய வாள் கீழே இறங்காமல் நிற்பது மனிதத் தன்மை. தத்தனின் துயரம் அன்று தணிந்திராது. துயரத்தைச் சுமந்துகொண்டே அவன் அவ்வளவு தூரம் நடந்தான்.

குற்றம் செய்தவரைத் தண்டியாமல் விடுவதா மனிதத் தன்மை என்னும் ஐயம் எழலாம். அது நியாயமான ஐயமே. மெய்ப்பொருள் நாயனார் கோழை அல்லர். தம் நாட்டைத் தாக்க வந்த முத்தநாதனைப் போர்க்களத்தில் பலமுறை புறங்காட்டச் செய்தவர். குடிகளைக் காப்பதில் அவர் தளரவில்லை. அன்று அவர் பொறுத்தது தம் உடலில் பட்ட காயத்தை. பிறர் பட்ட காயத்தை அவர் பொறுத்ததாகப் புராணம் கூறவில்லை. குற்றத்தை விசாரித்துத் தண்டனை வழங்க நீதிமன்றங்கள் உள்ளன. ஒருவனைப் பிடித்து வைத்துக் கூட்டமாக அடிப்பதற்கு எந்த அறநூலும் இடம் தரவில்லை. அன்று திருக்கோவலூர் மக்கள் சூழ்ந்து அவனைக் கொன்றிருந்தால், ஓர் இரவில் ஊர் முழுவதும் கொலையாளிகளாகியிருக்கும். ஆகவே நாயனாரின் ஆணை முத்தநாதனின் உயிரைக் காத்தது. தம் குடிமக்களின் மனிதத் தன்மையையும் காத்தது.

இக்காலத்திற்குரிய பாடம்

மெய்யன்பர்களே! யானையும் வாளும் இன்று எல்லோர் வாழ்விலும் எதிர்ப்படுவதில்லை. நம்மவர் என்று சொல்ல வேண்டிய கணம் மட்டும் நாள்தோறும் எதிர்ப்படுகிறது.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றி நிற்போர் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். வழக்கு, சாட்சி என்று அலைய நேருமோ என்னும் அச்சத்தால் சிலர் ஒதுங்கிச் செல்கின்றனர். இவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. விபத்தில் சிக்கியவர்க்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அத்தகையோர்க்குச் சட்டப் பாதுகாப்பை வழங்கியது. உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இயலாது. 108 என்னும் எண்ணை அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகில் இருப்பதே பேருதவி.

வீட்டில் முதியவர் ஒரே செய்தியைப் பத்தாவது முறையாகக் கேட்கிறார். பிள்ளை சலித்துக்கொள்கிறான். நம்மவர் என்னும் சொல் முதலில் நழுவும் இடம் பெரும்பாலும் வீடுதான். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய உடன்பிறந்தார் பலர். வழக்கு நடக்கட்டும், அண்ணன் வீட்டுக் குழந்தையை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கோவூர் கிழார் கிள்ளிவளவனுக்குச் சொன்னது அதுவே.

திருக்கோயிலிலும் இச்சோதனை உண்டு. தரிசன வரிசையில் தளர்ந்து நிற்கும் கர்ப்பிணிக்கும் முதியவர்க்கும் வழிவிடுவது இடைகழியில் எழுந்து நின்ற ஆழ்வாரைப் பின்பற்றுவதாகும். தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகிறது. அப்பந்தியில் அருகில் அமர்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. இலை ஒன்றாகவும் சோறு ஒன்றாகவும் இருக்கும் அந்த நேரம், பந்தி முடிந்து வெளியே வந்த பின்னும் நீடித்தால் அதுவே வழிபாட்டின் பயன்.

கார்த்திகை மாத உத்திர நாளில் மெய்ப்பொருள் நாயனாரின் குருபூசை கொண்டாடப்படுகிறது. அறுபத்து மூவர் திருவுருவங்கள் உள்ள சிவாலயங்களில் அவர் திருவுருவத்தைக் காணலாம். அவரை வணங்கும்போது, வாளை உறையிலிட்டுக் கொலையாளியின் அருகே நடந்த தத்தனையும் நினைத்தல் வேண்டும். யாரிடத்தில் அச்சொல்லைச் சொல்ல நெஞ்சம் மறுக்கிறதோ, அவரை எண்ணி ஒருமுறை நம்மவர் என்று சந்நிதியில் சொல்லிப் பார்த்தல் வேண்டும். அது எளிதன்று. அதற்கான வலிமையைத் தருமாறு கேட்பதும் நல்ல வேண்டுதலே. எல்லாம் வல்ல இறைவன் அவ்வலிமையை அனைவர்க்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.