உப்பும் மிளகும்: நம் சங்கத்து மின்னஞ்சல் பட்டியல்

 

இந்த ஆண்டு கூனிமேட்டில் கூடியிருக்கிறோம். சென்னையிலிருந்து வந்தவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்பீர்கள். நான் பேசப்போவதும் உப்பைப் பற்றித்தான். ஆனால் இது கம்ப்யூட்டர் உப்பு. பயப்படாதீங்க, பத்தே நிமிஷம்தான்.

நம் சங்கத்தின் பெரிய சொத்து எது? வங்கியில் கிடக்கும் நிதி அல்ல; உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியல். நம்பிக் கொடுத்தது அது. வெளியே போனால், "உன் பழைய நண்பன், அவசரமாப் பணம் வேணும்" என்று மோசடிக் கடிதம் உங்கள் வீடு தேடி வரும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தன் தகவலை நீக்கச் சொல்லலாம் என்கிறது அந்தச் சட்டம்.

சரி, ஓர் உறுப்பினர் "என்னை எடுத்துடுங்க" என்கிறார். என்ன செய்வது? வரிசையையே அழித்தால், அதை ஒட்டியிருக்கும் நன்கொடை, வருகைக் கணக்கெல்லாம் அந்தரத்தில் நிற்கும். எட்கர் காட் 1970-ல் வகுத்த ரிலேஷனல் முறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. உறுப்பினருக்கு ஓர் எண். கணக்கு டேபிள்களில் அந்த எண் மட்டும். முகவரி தனி டேபிளில். கேட்டால் முகவரியை மட்டும் அழிக்கலாம்; கூட்டல் தொகை மாறாது. சட்டப்படி பெயரோடு வைக்க வேண்டிய ரசீதுகள் பொருளாளர் கோப்பில் தனியே இருக்கட்டும்.

ஆனால் நாளைக்கு யாரோ பழைய பட்டியலை மறுபடி ஏற்றினால், நீங்கியவருக்கும் கடிதம் போய்விடுமே? அதனால் "இவருக்கு அனுப்பாதே" என்று ஓர் அடையாளம் வேண்டும். சிலர் முகவரியை 'ஹாஷ்' செய்து வைத்துவிட்டு, அடையாளம் நீங்கிவிட்டது என்பார்கள். அது தவறு. ஹாஷைத் திருப்ப முடியாது, உண்மை. ஆனால் ஊகிக்க முடியும். பெயர், புள்ளி, பிறந்த வருஷம், பிரபலமான நிறுவனப் பெயர் என்று கோடிக்கணக்கான முகவரிகளைச் சில நிமிஷங்களில் ஹாஷ் செய்து ஒப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

கடவுச்சொற்களுக்கு இதே தொல்லை இருந்தது. 1979-ல் மாரிஸ், தாம்ஸன் இருவரும் யூனிக்ஸில் ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்தார்கள். அதற்குப் பெயர்தான் உப்பு. ஆனால் உப்பு ஹாஷ் பக்கத்திலேயே இருக்கும். திருடன் இரண்டையும் அள்ளிக்கொண்டு போவான். ஆளுக்கொரு உப்பு போட்டால் நமக்கும் முகவரியைத் தேடுவது கஷ்டம். எனவே நமக்கு வேண்டியது மிளகு: எல்லா முகவரிக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவி. அது டேட்டாபேஸில் இருக்கவே கூடாது; வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில். கலப்பதற்கு முன் முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, ஓர இடைவெளிகளை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவரே இருவராவார்.

இதுவும் முழு மறைவு அல்ல, முகமூடிதான். 2006-ல் ஏ.ஓ.எல். நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அந்தத் தேடல்களைக் கொண்டே ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நம்மிடமும் வருஷம், பிரிவு, ஊர் மூன்றையும் விட்டுவைத்தால் சில இடங்களில் ஒரே ஆள்தான் மிஞ்சுவார். ஆகவே ஊரையும் எடுத்துவிட வேண்டும்.

செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். பட்டியலை எக்ஸெல் கோப்பாக ஆளாளுக்கு அனுப்பாதீர்கள். மிளகைத் தனியே பூட்டுங்கள். நீக்கச் சொன்னால் பழைய பேக்கப்பிலும் நீங்குவதற்கு ஒரு கெடு வையுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். முகவரி கொடுத்தவரையும் அப்படி நினைப்போம். "போதும்" என்று அவர் சொன்ன நாளில் மறந்தும் விடுவோம்.