தரிசு என்னும் சொல்

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. காலை ஆறரை மணிக்குப் பெங்களூர் லால்பாக்கின் கண்ணாடி மாளிகை அருகே நின்றிருந்தேன். 1970களிலிருந்து மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று பறவை அன்பர்கள் கூடும் இடம் அது. கழுத்தில் தொலைநோக்கி தொங்கும். பேச்சு மட்டும் குறைவு.

ஏரிக்கரையில் முதலில் கண்ணிற்பட்டது கருஞ்சாம்பல் வாலாட்டி. இமயத்து ஓடையோரங்களில் கூடு கட்டும் இப்பறவை, பனிக்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. ஏறத்தாழ இருபது கிராம் எடையுள்ள இச்சிற்றுயிர் இத்தனை தொலைவு பறந்து வந்து, நம் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்குவதைக் கண்டு வியவாதிருக்க இயலுமோ? அப்பால் கூழைக்கடாக்கள் மிதந்தன. பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

லால்பாக்கைக் காக்கவேண்டும் என்று எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1760இல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம். மரமும் மலரும் நிறைந்தது. நான் கூற விழைவது மாலையில் கண்ட இடத்தைப் பற்றியது.

நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டா உள்ளது. பெங்களூருக்குக் குடிநீர் தருவதற்காக 1894இல் அர்க்காவதியாற்றில் நீர்த்தேக்கம் அமைத்த ஊர். அதனருகே பரந்து கிடக்கிறது புல்வெளி. மரம் அரிது; முழங்காலளவு காய்ந்த புல். முதன்முறை கண்டபோது, 'இங்கே என்ன இருக்கிறது?' என்றே நானும் கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிரில்லா நிலம் கோப்புகளில் வரும்போதெல்லாம் 'தரிசு' என்று எழுதியே பழகியவன் நான். கன்னடத்தார் கால்நடை மேயும் பொதுநிலத்தைக் 'கோமாளம்' என்பர். நம் வருவாய்க் கணக்கிலும் 'மேய்க்கால்' என்ற நல்ல சொல் உண்டு. தரிசு என்று எழுதிவிட்டாலோ, அந்நிலம் யாருக்கும் பயன்படாதது என்றாகிவிடுகிறது. கட்டடம் எழுப்பலாம், மரமேனும் நடலாம் என்று தோன்றுகிறது. மரம் நடுதல் அறமே. ஆயினும் திறந்த வெளியை நாடி வரும் பறவைக்கு, அடர்ந்து நட்ட மரம் வீட்டுக் கதவை அடைத்தது போலாகும்.

அத்தகைய பறவைதான் பூனைப்பருந்து. மத்திய ஆசியப் புல்வெளிகளில் பிறந்து, குளிர்காலத்தில் இந்தியா வருகிறது. தாழப் பறந்து வெட்டுக்கிளியையும் எலியையும் பிடிக்கும். உழவனுக்கு ஊதியமில்லாக் காவலன் எனலாம். மற்றப் பருந்துகள் மரத்தில் தங்க, இதுவோ இரவில் புல்லிடைத் தரையிலேயே கூட்டமாகத் தங்குகிறது. புல் போயிற்றென்றால் உறங்க இடமில்லை. 2011இல் மிக அரிய வரகுக்கோழியும் இப்புல்வெளியில் காணப்பட்டது.

இதனைக் காப்பகமாக்கும் முன்மொழிவை 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் மறுத்தது. வழக்கு நடந்து, 2022இல் அதே வாரியம் சுமார் 5,000 ஏக்கருக்கு இசைவளித்தது. ஊரார் சிலர்க்கு அச்சம் இருந்தது. மேய்ச்சலுக்குத் தடை வருமோ என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை. மாடு அளவோடு மேய்வதும் புல்வெளியின் வாழ்வில் ஒரு பகுதியே.

கதிரவன் சாயும் வேளையில் வந்தது முதற் பருந்து. வெளிர்சாம்பல் நிற ஆண். சிறகை மேலே உயர்த்திப் பிடித்து, ஓசையின்றிப் புல்லை உரசுவது போல் மிதந்தது. பின்னர்ப் பழுப்புநிறப் பெட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றாகப் புல்லில் இறங்கி மறைந்தன. இருள் கவியுமுன் பதினொன்று எண்ணினேன். அருகே மாடுகளை ஓட்டிச் சென்ற முதியவர், 'தினமும் இங்கேதான் படுக்கும் சாமி' என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, புல்லை மிதியாமல் ஒற்றையடிப் பாதையில் திரும்பினார்.