மலிவு எபாக்ஸியா, விலை கூடின எபாக்ஸியா? வீட்டில் செய்யும் சர்ஃப் போர்டுக்கு எது?

போன எபிசோடில் தெர்மோகோல் பிளாக்கை ஹாட் வயரில் வெட்டி, ஷேப் பண்ணி முடிக்கிற வரைக்கும் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ரெசின் எதை வாங்குறது?

அதில் கோவளத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் நோட்டை எடுத்துக்கிறேன். வார இறுதியில் சர்ஃப் சொல்லிக்கொடுக்கிறார். சொந்தமா போர்டு கிடையாது. சேர்த்து வைத்த காசில் ஒண்ணு செய்யப் போகிறார், ஒரு தடவை செய்யத்தான் காசு இருக்கு. அவர் கேட்டது இது: "அண்ணா, கடையில சாதா எபாக்ஸி மலிவா கிடைக்குது. நீங்க சொல்ற லேமினேட்டிங் ரெசின் மூணு மடங்கு விலை. ரெண்டும் எபாக்ஸிதானே? எங்க மாமா ஃபைபர் போட் வேலை செய்றவரு. எல்லாம் ஒண்ணுதான்டா, ஹார்ட்னரை கொஞ்சம் தூக்கலா ஊத்துனா போதும்னு சொல்றாரு."

முதலில் மாமா சொன்னதைப் பார்த்துடுவோம். நம்ம கடற்கரையில் ஃபைபர் வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் போட் பெருகின பிறகு, குப்பத்துக்குக் குப்பம் ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர்கள் இருக்காங்க. கிளாஸ் துணியை விரிச்சு, காத்துக் குமிழ் இல்லாம ரோலர் ஓட்டுற கை எல்லாருக்கும் வராது. அந்த விஷயத்தில் மாமா பக்கத்தில் நின்னு கத்துக்கணும். ஆனால் அவர் வேலை செய்யுறது பாலியஸ்டர் ரெசினில். அதில் ஊத்துற கேட்டலிஸ்ட் ஒரு தீக்குச்சி மாதிரி. ரெசின் தன்னோடு தானே கோத்துக்கொள்ளும், கேட்டலிஸ்ட் அதைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். ஒரு சதவீதம் ஊத்தினாலும் இறுகும், இரண்டு ஊத்தினா சீக்கிரம் இறுகும்.

எபாக்ஸியில் ஹார்ட்னர் தீக்குச்சி இல்லை, அது சுவரில் பாதி. ரெசின் மூலக்கூறும் ஹார்ட்னர் மூலக்கூறும் கைகோத்துத்தான் பிளாஸ்டிக் ஆகுது. தூக்கலா ஊத்தினா, மிச்சமான ஹார்ட்னருக்கு ஜோடி கிடைக்காது. உள்ளேயே தங்கி, ரப்பர் மாதிரி தொளதொளன்னு இருக்கும். சீக்கிரம் இறுகணும்னா வேற ஹார்ட்னர் வாங்கணும், அளவை மாற்றக் கூடாது.

பாலியஸ்டரையே போட்டுடலாமேன்னு கேட்பீங்க. தெர்மோகோல் மேல் பாலியஸ்டரை ஊத்தினா, அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைச்சு விழுங்கிடும். ஒரு சின்னத் துண்டில் ஊத்திப் பாருங்க, பயமா இருக்கும். வெளிநாட்டில் பல வருஷம் பாலியூரித்தேன் ஃபோமும் பாலியஸ்டரும்தான் ஜோடி. 2005 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவில் கிளார்க் ஃபோம் கம்பெனியை ஒரே நாளில் மூடினாங்க. அமெரிக்க போர்டுகளில் பெரும்பங்குக்கு ஃபோம் அங்கிருந்துதான் போய்க்கிட்டு இருந்தது. அதுக்கு அப்புறம்தான் தெர்மோகோல், எபாக்ஸி ஜோடி பக்கம் பலரும் திரும்பிப் பார்த்தாங்க. நமக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். சுலபமா கிடைக்கிறது தெர்மோகோல், அதனால் எபாக்ஸி.

இப்போ காசு. 6 அடி 2 இஞ்ச் போர்டு, அகலம் 20 இஞ்ச்னு வைங்க. ஒரு பக்கம் சுமார் 0.7 சதுர மீட்டர் வரும். ஓரத்தில் மடிக்கிறதையும் சேர்த்தா 0.9. மேலே இரண்டு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு, 4 அவுன்ஸ் துணி. அது சதுர மீட்டருக்கு 135 கிராம். மொத்தத் துணி 360 கிராம் பக்கம். கை தேர்ந்தவர் துணி எடைக்குச் சமமா ரெசின் எடுப்பார். வீட்டில் செய்றவருக்கு 500 கிராம் பிடிக்கும். அதுக்கு மேல ஃபில் கோட் இரண்டு பக்கமும் சேர்த்து இன்னொரு 500. ஃபோமை அடைக்க, ஃபின் பாக்ஸுக்கு, கப்பில் ஒட்டி வீணாப்போறது எல்லாம் ஒரு 300. ஆக 1.3 கிலோ. ஒன்றரை கிலோ வாங்கினா தாராளம்.

கணக்குக்காக மலிவு ரெசின் கிலோ 700, நல்லது 2,100னு எடுத்துப்போம். உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க. ஒன்றரை கிலோவுக்கு வித்தியாசம் 2,100 ரூபாய். மூணு மடங்குன்னு கேட்கும்போது வர்ற மலைப்பு, மொத்த போர்டுக்கும் இவ்வளவுதான்னு பார்க்கும்போது கொஞ்சம் குறையுது. தம்பிக்கு அது சின்னக் காசு இல்லை, தெரியும். அதனால அந்த 2,100 ரூபாய்க்கு என்ன கிடைக்குதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பலமா? பெருசா இல்லை. போர்டில் குதிகால் பள்ளம் விழுறது பெரும்பாலும் ஃபோம் அடர்த்தியையும் துணியையும் பொறுத்தது. பேக்கிங் தெர்மோகோலில் செஞ்சு, உலகத்திலேயே விலை கூடின ரெசினைப் பூசினாலும் பள்ளம் விழும். ரெசின் பக்கத்தில் பார்த்தா, பல எபாக்ஸிகளில் 'ஏ' டின்னில் இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒரே குடும்பம், பிஸ்ஃபீனால் ஏ வகை. உங்க காசு போறது பெரும்பாலும் 'பி' டின்னுக்கு, அதாவது ஹார்ட்னருக்கு. இந்த எபிசோடில் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதுதான்: ரெசின் வாங்கப் போகாதீங்க, ஹார்ட்னர் வாங்கப் போங்க.

இன்ஜினியரிங் காலேஜில் காம்போசிட் ப்ராஜெக்ட் பண்ணவங்களுக்கு அந்த 100-க்கு 10 கிராம் கலவை ஞாபகம் இருக்கும். சின்ன மூலக்கூறு, வேகமான அமீன் ஹார்ட்னர், கொஞ்சமே போதும். லேபில் நல்ல தராசு இருந்தது, ஓகே. வீட்டில் சமையல் தராசு. 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஊத்தணும், கை தவறி 2 கிராம் கூடிடுச்சுன்னா 20 சதவீதம் பிழை. சர்ஃப் போர்டுக்குன்னு வர்ற கிட் பலதும் கொள்ளளவில் 2-க்கு 1. எடையில் 100-க்கு 44 பக்கம் வரும், ஏன்னா ஹார்ட்னர் ரெசினைவிட லேசு. அதே 2 கிராம் தவறினா ஐந்து சதவீதம்கூட இல்லை. கொள்ளளவு விகிதத்தைத் தராசில் போடாதீங்க, டேட்டா ஷீட்டில் எடை விகிதம் தனியா கொடுத்திருப்பாங்க.

அடுத்தது நம்ம கடற்கரைக்கே உரிய தலைவலி. அமீன் பிளஷ். ஹார்ட்னரில் இருக்கிற அமீன், இறுகுறதுக்கு முன்னாடி மேற்பரப்பில் காத்தோட கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் பிடிச்சு, மெழுகு மாதிரி ஒரு படலம் ஆயிடும். விரல் வெச்சா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இருக்கும். அது மேல அடுத்த கோட் போட்டா, வாழையிலையில் தண்ணி ஊத்தின மாதிரி அங்கங்க ஒதுங்கி நிக்கும். ஒதுங்காம உட்கார்ந்தாலும் பிடிப்பு இருக்காது, சில மாசத்தில் அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும். மலிவான வேக ஹார்ட்னர்களில் இது அதிகம். லேமினேட்டிங்குக்குன்னு தயாரிக்கிற ஹார்ட்னரில் அமீனை முன்கூட்டியே கொஞ்சம் ரெசினோடு வினை புரிய வெச்சோ, சைக்ளோ அலிஃபாட்டிக் வகை அமீனைச் சேர்த்தோ இதைக் குறைக்கிறாங்க. உங்க 2,100-இல் பெரிய பங்கு இதுக்குத்தான்.

கலிஃபோர்னியாவில் வறண்ட ஷெட்டுக்குள் உட்கார்ந்து, "சீப் எபாக்ஸி ஒர்க்ஸ் ஃபைன்"னு வீடியோ போடுறவர் பொய் சொல்லலை. அவர் ஊர் காத்து வேற, கோவளம் காத்து வேற.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. தெர்மோகோலுக்குள் காத்து இருக்கு. வெயில் ஏறுற நேரத்தில் லேமினேட் பண்ணினா, அந்தக் காத்து விரிஞ்சு ரெசின் வழியா குமிழ் குமிழா வெளியே வரும். அதனால சூடு இறங்குற நேரத்தில் செய்யணும். ஆனால் சாயங்காலம் கடல் காத்து வந்து சூடு இறங்க இறங்க ஈரப்பதம் ஏறும், பிளஷ் வரும். இரண்டு பக்கமும் இடி. நான் சொல்றது: கதவு, ஜன்னல் சாத்தின அறை, மூணரை நாலு மணிக்கு ஆரம்பிக்கிறது, ஒரு ஈரப்பத மீட்டர். 85 சதவீதத்துக்கு மேல காட்டினா அன்னிக்கு வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷேப்பிங்கோட நிறுத்திக்குங்க.

ஏற்கெனவே மலிவு எபாக்ஸி வாங்கி வெச்சிருக்கவங்க தூக்கிப் போட வேண்டாம். பிளஷ் தண்ணியில் கரையும். கோட் நல்லா இறுகினதும் சுத்தமான தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவுங்க. துணியால் துடைச்சு, காய வெச்சு, அப்புறம்தான் உப்புத்தாள். வரிசை மாறக் கூடாது. முதலில் தேய்ச்சா அந்தப் பிசுக்கை உள்ளே அழுத்தித் தேய்ச்ச மாதிரி ஆயிடும்.

சூடு விஷயம் வேகமா. டின்னில் போட்டிருக்கும் வேலை நேரம் பொதுவா 25 டிகிரிக்கு. பத்து டிகிரி ஏறினா வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 30 நிமிஷம்னு போட்டது மே மாசத்தில் 15 நிமிஷம். ஸ்லோ ஹார்ட்னர் எடுங்க. 200 கிராமுக்கு மேல ஒரே தடவையில் கலக்காதீங்க. கப்பிலேயே வெச்சிருந்தா தானா சூடேறிப் புகையும்.

மஞ்சள் ஆகுறது? எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறாங்க, எனக்கு இது கடைசி. இந்த வகை எபாக்ஸி எல்லாமே வெயிலில் மஞ்சளாகும். நல்லதில் யு.வி. தடுப்பான் இருக்கும், தள்ளிப்போடும், அவ்வளவுதான். போர்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா இதுக்காகக் காசு கொடுக்காதீங்க. பெயின்ட் வெள்ளையா இருக்கட்டும். வீட்டுச் சூட்டில் இறுகின எபாக்ஸி பலதும் 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். மொட்டை மாடி வெயிலில் கறுப்பு போர்டு அந்தச் சூட்டைச் சுலபமா தொடும். மலிவு ஹார்ட்னரைத் தண்ணியாக்க பென்சைல் ஆல்கஹால் நிறைய சேர்த்திருந்தா, இன்னும் கீழேயே இளகும்.

ஒரு எச்சரிக்கை. விலை கூடினது எல்லாம் நமக்கானது இல்லை. டேபிள் செய்ய ஊத்துற கிறிஸ்டல் கிளியர் ரெசின் விலையில் இதுக்கு மேலயே இருக்கும். கனமா ஊத்துற வகை நாள் கணக்கில் இறுகும், போர்டின் ஓரத்தில் நிக்காம வழிஞ்சு துணி காய்ஞ்சு கிடக்கும். மேற்பூச்சு வகை கெட்டியா இருக்கும், துணிக்குள் இறங்காது. டின்னில் 'லேமினேட்டிங்'னு இருக்கான்னு பாருங்க, 'பிரீமியம்'னு இருக்கான்னு பார்க்காதீங்க.

இனி தோல். தம்பி, இதை மாமாவுக்கும் போட்டுக் காட்டுங்க. பாலியஸ்டரில் வெறுங்கையால் வேலை செஞ்சு, தின்னர் ஊத்திக் கை கழுவுற பழக்கம் நம்ம ஊரில் சாதாரணம். பாலியஸ்டருக்கே அது நல்லதில்லை. எபாக்ஸியில் அதைச் செய்யவே கூடாது. எபாக்ஸியும் ஹார்ட்னரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முதல் போர்டில் ஒண்ணும் தெரியாது, மூணாவதிலும் தெரியாது. ஒரு நாள் கை, முகமெல்லாம் சிவந்து தடிக்கும். ஒரு தடவை உடம்பு அதைப் பகையா எடுத்துக்கிட்டா பொதுவா வாழ்நாள் முழுக்கப் போகாது. அப்புறம் துளி பட்டாலும், சரியா இறுகாத போர்டைத் தேய்க்கிற தூசி பட்டாலும் வரும். கைவேலையில் பிழைக்கிறவருக்கு அது தொழிலே போன மாதிரி. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, தேய்க்கும்போது மாஸ்க். பட்டுட்டா துடைச்சுட்டு சோப்புத் தண்ணி. தின்னர் வேண்டாம், அது தோலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

விலை கூடினதிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனா அதில் உள்ளே என்ன இருக்குன்னு பாதுகாப்புத் தாளில் எழுதியிருக்கும். வெள்ளைக் கேனில் மார்க்கரால் 'பி'ன்னு எழுதி, லேபிளே இல்லாம விற்கிற ஹார்ட்னர் எவ்வளவு மலிவா இருந்தாலும் வாங்காதீங்க. ஒரு கடையில் டேட்டா ஷீட் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், நல்லா ஒட்டும்"னாங்க. வந்துட்டேன்.

தம்பிக்கு என் பதில்: லேமினேட்டிங் கிட்டே வாங்குங்க, ஒன்றரை கிலோ, ஸ்லோ ஹார்ட்னர். காசு இடிச்சா முதல் போர்டுக்கு விலை கூடின ஃபின் வேண்டாம், ஸ்கூலில் கழட்டிப் போட்ட பழைய ஃபின் கேளுங்க. மலிவு எபாக்ஸி வேணும்னா, டேட்டா ஷீட் இருக்கிறதா பார்த்து, அரை கிலோ வாங்கி நடுவில் வர்ற மரப்பட்டை ஒட்டவும், கை பழகவும் வெச்சுக்குங்க.

எதை வாங்கினாலும் போர்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு அடி தெர்மோகோல் துண்டில் இரண்டு அடுக்கு துணி போட்டு ராத்திரி விடுங்க. காலையில் நகத்தால் அழுத்துங்க, தண்ணி தெளிச்சு ஒதுங்குதா பாருங்க, கழுவி இன்னொரு கோட் போட்டு, ஒரு வாரம் கழிச்சு ஓரத்தில் கத்தி விட்டு நெம்புங்க. நல்லா பிடிச்சிருந்தா, உரிஞ்சு வரும்போது பின்னாடி தெர்மோகோலும் பிய்ஞ்சு வரணும். துணி மட்டும் சுத்தமா தனியா வந்தா அந்த ரெசினோ அந்த நாளோ சரியில்லை. போட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.

அடுத்த எபிசோடில் ஃபின் பாக்ஸ்.