நிரல்மொழி ஆராய்ச்சியும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளி விழா காணும் இச்சங்கத்தின் மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கணிப்பொறி என்றவுடன் நம் பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "எந்த மொழியைக் கற்றால் வேலை கிடைக்கும்?" என்பதே. வறுமையிலிருந்து எழுந்துவரும் குடும்பத்துக்கு அக்கேள்வி நியாயமானது. அதை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அதற்கு அப்பால் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த மொழிகளை ஆக்கியவர்கள் யார்? அவற்றைச் செம்மைப்படுத்தியவர்கள் யார்? அப்பணியில் நமக்கு இடமுண்டா? இதனை எண்ணிப் பார்க்கவே இன்று ஓர் ஆராய்ச்சித் துறையின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியே நிரல். நிரலை எழுதுவதற்கு அமைந்த மொழி நிரல்மொழி. அவற்றுள் இருவகை உண்டு. சி போன்ற மொழிகளில், "இது எண், இது எழுத்து" என்று ஒவ்வொன்றின் வகையையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். நிரல் ஓடத் தொடங்குமுன்னரே வகைகள் முடிவாகிவிடுகின்றன. இயங்குநிலை மொழிகள் என்பவை வேறு. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலியன இவ்வகையின. இவற்றில் வகையை முன்கூட்டி அறிவிக்க வேண்டுவதில்லை. "இவ்விரண்டையும் கூட்டு" என்று எழுதினால் போதும். ஓடும் நேரத்தில் வந்தவை எண்களாயின் கூட்டித் தரும்; சொற்களாயின் ஒட்டித் தரும். பாதி எழுதிய நிரலையும் ஓட்டிப் பார்க்கலாம். திருத்தி மீண்டும் ஓட்டலாம். புதியதொன்றைத் தேடிக் கண்டுபிடிக்க விரும்புவோர்க்கு இவை ஏற்ற மொழிகள்.

இவ்வழிக்குத் தொடக்கம் லிஸ்ப் என்னும் மொழி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி 1958இல் இதனைத் தொடங்கினார். 1972 முதல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பெர்க் முதலியோர் ஸ்மால்டாக் என்னும் மொழியை உருவாக்கினர். இம்மொழிகளின் நயத்தை ஏற்றுக்கொண்டவர்களும் ஒரு குறையைச் சொன்னார்கள். "இவை மெதுவானவை. ஒவ்வொரு முறையும் 'நீ எண்ணா, சொல்லா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் எங்கிருந்து வரும்? மெதுவாக ஓடுவது இவற்றின் இயல்பு" என்றார்கள்.

"இயல்பு" என்ற அச்சொல்லைக் கவனியுங்கள். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த சொல் அது. "உனக்குக் கணக்கு வராது" என்று யாரோ சொல்லக் கேட்ட பிள்ளை இந்த அவையிலும் இருக்கக்கூடும். இயல்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் சோதித்துப் பார்க்கும் கடமை தீர்ந்துவிடுகிறது. ஆராய்ச்சியாளன் அந்த இடத்தில்தான் தன் வேலையைத் தொடங்குகிறான்.

1984இல் பீட்டர் டாய்ச், ஆலன் ஷிஃப்மன் என்னும் இருவர் ஸ்மால்டாக் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் கண்ட உண்மை எளியது. நிரலின் ஓர் இடத்தில் எந்த வகைப் பொருளும் வரலாம் என்பது விதி. ஆனால் நடைமுறையில் அதே இடத்துக்குப் பெரும்பாலும் சென்றமுறை வந்த வகையே மீண்டும் வருகிறது. ஊருக்குப் புதிதாய் வந்த தபால்காரர் முதல்நாள் ஒவ்வொரு வீட்டையும் விசாரித்துக்கொண்டு செல்வார். மறுநாள் விலாசத்தைப் பார்த்தவுடன் நேரே அவ்வீட்டுக்குச் செல்வார். விலாசத்தைப் பார்க்காமல் அவர் கடிதத்தைப் போடுவதில்லை. ஆனால் மீண்டும் ஊரெல்லாம் விசாரிப்பதுமில்லை. அதுபோல, சென்றமுறை கண்ட விடையை அந்த இடத்திலேயே குறித்துவைத்துக்கொண்டால் தேடும் வேலை பெரிதும் மிச்சமாகிறது.

இதற்கடுத்து வந்தது செல்ஃப் என்னும் மொழி. டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் ஆகிய இருவரும் 1986இல் இதனை வகுத்து, 1987இல் ஆய்வுரையாக வெளியிட்டனர். ஸ்மால்டாக்கில் ஒவ்வொரு பொருளும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது. செல்ஃப் மொழியில் வகுப்பே கிடையாது. ஒரு முன்மாதிரியைப் படியெடுத்துப் புதுப்பொருளை ஆக்கிக்கொள்ளலாம். வகுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சொல் ஒன்றாயிருப்பதால் இயந்திரத்தின் செய்தியைச் சமுதாயத்தின்மேல் ஏற்றிவிடக் கூடாது. நாம் கொள்ளவேண்டிய பாடம் அதுவன்று. அவ்வாராய்ச்சியாளர்கள் பழைய தீர்ப்பை எதிர்கொண்ட முறையே நமக்குரிய பாடம்.

மெதுவாக ஓடும் என்று எதிர்பார்க்கப்பட்ட மொழிகளுள் இது மிகக் கடினமானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உங்கரும், கிரெய்க் சேம்பர்ஸ், ஊர்ஸ் ஹோல்ஸ்லே முதலிய மாணவர்களும் அதனையே எடுத்துக்கொண்டனர். 1989இல் தங்கள் செல்ஃப், அன்றிருந்த மிக வேகமான ஸ்மால்டாக்கைவிட இருமடங்கு வேகமாக ஓடுவதை அளந்து காட்டினர். ஓரிடத்துக்கு ஒன்றல்ல, பல வகைகள் மாறி மாறி வந்தால் என்ன செய்வது? அவற்றையெல்லாம் ஒரு சிறு பட்டியலாகக் குறித்துவைக்கும் முறையை 1991இல் வெளியிட்டனர். அதனால் கிடைத்த ஆதாயம் ஏறத்தாழ 11 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அப்பட்டியலில் சேர்ந்த குறிப்புகளே அடுத்த படிக்கு அடிப்படையாயின. நிரல் ஓடும்போதே அதிகம் உழைக்கும் பகுதி எது, அங்கே வரும் வகை எது என்று அறிந்து, அதற்கேற்ப அப்பகுதியை மறுபடியும் மொழிபெயர்த்தனர். 1994இல் இம்முறையால் வேகம் 1.7 மடங்காயிற்று. எதிர்பார்த்த வகை வாராமற் போனால் பழைய நிலைக்குப் பிழையின்றித் திரும்பும் வழியையும் அவர்களே வகுத்தனர்.

தீர்ப்பு இவ்வாறு மாறியது. கோஷத்துக்கு எதிர்க்கோஷம் எழுப்பி அவர்கள் அதனை மாற்றவில்லை. அளந்தார்கள், தாமதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்று கண்டார்கள், அந்த இடத்தைத் திருத்தினார்கள், மீண்டும் அளந்தார்கள்.

இதற்குப் பின் நடந்ததும் அறியத்தக்கது. அத்திட்டத்தை ஏற்று நடத்திவந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் அதனை நிறுத்திவிட்டது. செல்ஃப் மொழி உலகில் பரவவில்லை. ஆனால் அந்த அறிவு அழியவில்லை. 1999இல் வெளிவந்த ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா பொறியில் அது புகுந்தது. செல்ஃப் குழுவில் பணியாற்றிய லார்ஸ் பாக் தலைமையில் 2008இல் வெளிவந்த வி8 பொறியில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு வேகமளித்தது. இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு வலைப்பக்கம் விரைந்து திறக்கிறதென்றால், கைவிடப்பட்ட ஒரு மொழியின் ஆராய்ச்சி அங்கே உழைக்கிறது. ஆய்வுரைகளாக எழுதி வெளியிட்டிருந்தமையால்தான் அது பிறருக்குக் கிடைத்தது.

"இதெல்லாம் அமெரிக்காவின் செல்வமிக்க கழகங்களில் நடப்பது, நமக்கு ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். லூவா என்னும் மொழியின் கதையை அதற்கு விடையாகச் சொல்வேன். இது பிரேசில் நாட்டில் ரியோ நகரக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்தது. ரொபெர்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் இதனை ஆக்கினர். வெளிநாட்டுக் கணிப்பொறிப் பொருள்களை எளிதில் வாங்க இயலாதபடி அந்நாட்டில் அதற்கு முன் பல்லாண்டுகள் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. எண்ணெய் நிறுவனத்துப் பொறியாளர்களின் தேவைக்காக எழுந்த அந்தச் சிறிய மொழியைப் பற்றி 1996இல் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதன்பின் அது உலகெங்கும் சென்றது. கணிப்பொறி விளையாட்டுகளில் பெருவழக்காயிற்று. போர்ச்சுகீசிய மொழியில் லூவா என்றால் நிலா. தெற்கே உதித்த நிலவு வடக்கிலும் ஒளி வீசியது.

இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். இயங்குநிலை மொழிகளில் சில பிழைகள் ஓடும்போதுதான் வெளிப்படுகின்றன. எனவே விரும்பும் பகுதிக்கு மட்டும் வகையை அறிவிக்கும் இடைவழியொன்றை 2006 முதல் பலர் ஆராய்ந்தனர். ராக்கெட் என்னும் மொழியில் அவ்வழியை வளர்த்த குழுவைச் சேர்ந்தவர்களே, 2016இல் தங்கள் முறை சில வேளைகளில் நிரலைப் பன்மடங்கு தாமதப்படுத்துகிறது என்று அளந்து, தாமே வெளியிட்டனர். தம் படைப்பின் குறையைத் தாமே சபையில் வைப்பது சிறுமையன்று. அதுவே ஆராய்ச்சியின் நேர்மை.

இளைஞர்களே! ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1923இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டாக்டர் பட்டம் பெற்றது, ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. நாணயம் என்பது ஆள்வோரின் துறை என்று அவர் ஒதுங்கவில்லை. புள்ளிவிவரங்களை எடுத்துவைத்து வாதிட்டார்.

ஆகவே வேலைக்கு ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். அம்மொழி ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேளுங்கள். நான் சொன்ன மொழிகளுள் பலவற்றின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. பட்டியல் இனத்து மாணவர் முனைவர் பட்டம் வரை படிக்கத் தேசிய உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. இச்சங்கத்துப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டம் முடித்தவுடன் பிள்ளையைச் சம்பாதிக்க அனுப்பியே ஆகவேண்டிய வீடுகள் நம்மிடம் பல. அவற்றுள் ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது ஆராய்ச்சிக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கம் ஏற்குமானால், பொன்விழா மலரில் அப்பிள்ளைகளின் ஆய்வுரைகளையே நாம் படிக்கலாம்.

"இயல்பே அப்படி" என்று யாரேனும் சொன்னால் கோபத்தோடு நின்றுவிடாதீர்கள். "அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பிறகு நீங்களே அளந்து காட்டுங்கள்.