பர்னாந்து: ஒரு குடும்பப் பெயரின் கடல்வழி



ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து நாட்டு வரலாறு காணும் முயற்சிக்கு ரா.பி. சேதுப்பிள்ளை அவர்களின் நூல் தமிழில் வழிகாட்டியாக அமைந்தது. ஊர் நிலைத்திருப்பது, அதன் பெயரை அங்கேயே சென்று ஆராயலாம். ஆட்பெயரோ மனிதரோடு நடப்பது. கப்பலேறுவது, கரையிறங்குவது, வேற்று மொழியின் நாவில் உருமாறுவது அதன் இயல்பு. அவ்வாறு நெடுந்தொலைவு நடந்து வந்த ஒரு பெயரே இவ்வுரையின் பொருள். அது தூத்துக்குடிக் கடற்கரையில் 'பர்னாந்து' என்றும் 'பெர்னாண்டோ' என்றும் வழங்கும் குடும்பப் பெயர்.

முத்துக்குளித்துறை எனப்படும் அக்கடற்கரையில், வேம்பாறு முதல் மணப்பாடு வரை உள்ள ஊர்களின் வீட்டுவாசல்களில் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாடோ, கோமஸ், வாஸ், பெரைரா, மோத்தா, கொரைரா என்னும் பெயர்களைக் காணலாம். வீட்டினுள் பேசப்படுவது தமிழ், பாடப்படுவது தமிழ், சண்டையும் சமாதானமும் தமிழிலேயே. ஆயினும் பெயரை மட்டும் கேட்கும் வெளியூரார், 'நீங்கள் எந்த நாட்டவர்?' என வினவுவதுண்டு. அயல்மொழிப் பெயரைத் தாங்கியோர் அயலாராவரோ என்னும் இவ்வினாவுக்கு அப்பெயரின் வரலாறே விடை கூறும்.

பெயரின் பிறப்பு

தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்தே தலைப்பெழுத்தாய் முன்நிற்கும். தந்தை பெயரால் மகனைச் சுட்டும் இம்முறை போர்த்துக்கீசியரிடமும் முற்காலத்தில் இருந்தது. அவர்கள் அதனை ஈற்றில் வைத்தனர். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். காலப்போக்கில் இவ்வீறு மகனைக் குறிக்கும் ஆற்றலை இழந்து, தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயராக உறைந்தது.

'பெர்னாண்டோ' என்பது இலத்தீன் சொல் போலத் தோன்றினும் அதன் வேர் செருமானிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. கி.பி. 5 ஆம் நூற்றாண்டில் ஐபீரியத் தீவக்குறையில் புகுந்த கோத்தியர் கொணர்ந்த பெயர்களுள் இதுவும் ஒன்று. இதன் பிற்பகுதி துணிவைக் குறிக்கும் என்பர். முற்பகுதிக்குப் பயணம் என ஒரு சாராரும், அமைதி என மற்றொரு சாராரும் பொருள் கொள்வர். 'பயணத்தில் துணிவுடையான்' என்னும் பொருள் பொருந்துமாயின், கடலோடிகளுக்கு இதனினும் இசைந்த பெயர் வேறில்லை.

காஸ்தில்லாவையும் லெயோனையும் 1230 இல் ஒருங்கிணைத்த மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ 1671 இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். உலகை முதன்முதல் சுற்றிவந்த கடற்பயணத்துக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்டு 1521 இல் பிலிப்பைன் தீவில் உயிர்நீத்த மகெல்லனின் முன்பெயரும் இதன் போர்த்துக்கீசிய வடிவமே. அரசரும் மாலுமியும் ஒருங்கே தாங்கிய பெயர் இது.

துறைக்கு வந்த பெயர்

வாஸ்கோ ட காமா 1498 இல் கோழிக்கோட்டை அடைந்தபின் நாற்பதாண்டு கழிவதற்குள் போர்த்துக்கீசியரின் கை முத்துக்குளித்துறை வரை நீண்டது. முத்துச் சிலாபத்தின் உரிமை குறித்து அக்காலத்தில் கடும் பூசல் நிலவியது. பூசலில் நலிந்த பரதவர் தம் பிரதிநிதிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். திருமுழுக்குப் பெறுவதும் பாதுகாப்புப் பெறுவதும் ஒரே உடன்படிக்கையின் இருபக்கங்களாயின. 1530களின் நடுப்பகுதியில் ஊர் ஊராகப் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். மறைக்கல்வி அதன் பின்னரே வந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542 இல் ஆகும்.

திருமுழுக்கின்போது புதுப்பெயர் சூட்டுவது மரபு. ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரும், புனிதர்களின் பெயரும் இவ்வாறு கடற்கரை மக்களுக்கு உரியவாயின.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. போர்த்துக்கல் நாட்டில் குடும்பப் பெயராகப் பெருவழக்குப் பெற்றது பெர்னாண்டஸ் என்பதே. பெர்னாண்டோ அங்குப் பெரிதும் முன்பெயர். முத்துக்குளித்துறையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலுமோ அம்முன்பெயரே குடும்பப் பெயராயிற்று. ரொட்ரிகோவும் இத்தகையதே. தந்தை பெயரை ஈறு மாற்றாமல் அப்படியே மகன் பெயரோடு சேர்க்கும் வழக்கம் இந்நாட்டார்க்கு இயல்பானது. ஆகவே, சொல் கப்பலில் வந்தது மெய். ஆனால் அது குடும்பப் பெயராக உருவானது இக்கரையில் என்க. அயலாரிடமிருந்து முழுமையாகப் பெற்ற பொருளன்று அது. அயல்நூல் கொண்டு இங்கு நெய்த ஆடை.

செவி காத்த ஒலி

'பர்னாந்து' என்பதைக் கல்லாதார் சிதைத்த வடிவமென்றும், 'பெர்னாண்டோ' என்பதே திருத்தமென்றும் கருதுவோர் உளர். மொழியியல் நோக்கில் உண்மை இதற்கு மாறானது. போர்த்துக்கீசிய மொழியின் தகர ஒலி பல்லைத் தொட்டுப் பிறப்பது; சொல்லிறுதியில் அழுத்தமின்றி வரும் ஓகாரம் உகரம் போல் ஒலிக்கும். அவ்விரண்டையும் 'ந்து' என்னும் முடிவு செவ்வனே காக்கிறது. ஆங்கிலேயரின் ஒலி தமிழ்ச்செவிக்கு டகரமாகக் கேட்டமையாலும், எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்தமையாலும் 'ண்டோ' என்னும் முடிவு பிறந்தது. முன்னது காதால் பெற்றது. பின்னது ஏட்டால் பெற்றது. சிங்களத்திலும் இப்பெயர் 'ப்ரனாந்து' என்றே வழங்குகின்றது. கடலின் இருகரையிலும் ஒரே ஒலி நிலைத்திருப்பது, மீனவர் நாவே பழமையைக் காத்தது என்பதற்குச் சான்றாகும். தமிழில் இல்லாத முதலொலிக்குப் பகரத்தை அமைத்துக்கொண்டது தமிழின் இயல்பு.

தூத்துக்குடி நகராட்சித் தலைவராக விளங்கி, தாமிரவருணியின் நீரை வல்லநாட்டிலிருந்து நகருக்குக் கொணர்ந்த ராவ்பகதூர் (1869–1930) அவர்களை மக்கள் குரூஸ் பர்னாந்து என்றே நினைவுகூர்கின்றனர். ஆங்கிலத்தில் அவர் பெயர் பெர்னாண்டஸ் என எழுதப்படும். ஏட்டில் ஒன்றும் நாவில் மற்றொன்றுமாக ஒரே மனிதரின் பெயர் வழங்கியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மாறாது நின்றவை

பெயர் மாறியபின் அம்மக்கள் எதனை விட்டனர், எதனைக் காத்தனர் என்பது அடுத்து நோக்கற்பாலது. சங்கப் பாடல்கள் நெய்தல் நிலத்தாரைப் பரதவர் என்றன. அப்பெயர் இன்றும் வழங்குகிறது. தலைவருக்குரிய 'பாண்டியபதி' என்னும் பட்டமும், ஊர்த் தலைவர்க்குரிய 'பட்டங்கட்டி' என்னும் பெயரும் தொடர்ந்தன. போர்த்துக்கீசியர் தம் ஆவணங்களில் பின்னதைத் தம் மொழிக்கேற்பத் திரித்து எழுதிக்கொண்டனர். பெயர்க்கொடை ஒருவழிப்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

மொழியும் நின்றது. அன்றிக் அன்றிக்கஸ் அடிகளார் தமிழ் கற்று, 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். இந்திய மொழிகளுள் அச்சு வாகனம் ஏறிய முதன்மொழி தமிழ் என்னும் பெருமை இதனால் வாய்த்தது. அதற்குப் பொருளுதவி செய்தவர் முத்துக்குளித்துறைப் பரதவரே. பெயரளவில் போர்த்துக்கீசியரான இம்மக்களின் கைப்பொருளால் தமிழ் அச்சு பிறந்தது என்பதைத் தமிழுலகம் மறத்தலாகாது.

1658 இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் தம் சமயப் பிரிவுக்கு மக்களை ஈர்க்க முயன்றும் பரதவர் இசையவில்லை. பெயரைத் தந்த அரசு நீங்கியபின்னும் பெயர் நீங்கவில்லை. காவலுக்கு விலையாகத் தொடங்கிய ஒன்று அதற்குள் குடும்பங்களின் உடைமையாகிவிட்டது.

திரையுலகில் சந்திரபாபு எனப் புகழ்பெற்ற தூத்துக்குடி நடிகரின் (1927–1974) இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். எபிரேய முன்பெயர், பனிமய மாதாவின் அடியான் என்னும் நடுப்பெயர், போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே ஒன்றிக் கலந்திருந்தன. அவர் தமிழரா என எவரும் வினவவில்லை.

கடலுக்கு அப்பால்

முத்தும் சங்கும் விளையும் மன்னார்க் கடல் இருநாட்டுக்கும் பொது. இலங்கையில் சிலாபம், நீர்கொழும்பு, மொறட்டுவை முதலிய கரையூர்களில் பெர்னாண்டோ மிகப் பெருவழக்கான பெயர். அங்கு அதனைத் தாங்குவோரில் சிங்களம் பேசுவோரே மிகுதி. அவர்களுட் பலர் இதற்கு முன்னே வர்ணகுலசூரிய, குருகுலசூரிய முதலிய பழைய குடிப்பெயர்களையும் கொண்டிருப்பர். துடுப்பாட்ட வீரர் சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே எனத் தொடங்குவது. பட்டம் கட்டப்பெற்றவர் குடி என்னும் பொருளுடைய இச்சொல்லில் பட்டங்கட்டி என்னும் சொல்லின் சாயலைக் காண அரிய புலமை வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் வணிகத்தின்பொருட்டுத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்தோர் மற்றொரு பிரிவினர். பாம்பன் பாலம் 1914 இல் திறக்கப்படும் வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் இரயிலிலிருந்து இறங்கியே கப்பலேறினர். இவர்கள் வழியினர் இலங்கையில் 2001 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் பரதர் எனத் தனி இனமாகக் குறிக்கப்பெற்றனர்.

ஆக, கொழும்பில் ஒரு பெர்னாண்டோவைச் சந்திப்பவர் அவர் சிங்களரா, தமிழரா, பரதரா எனப் பெயரைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது. 1983 இல் மூண்டு 2009 வரை அத்தீவை எரித்த போரில் பெயரும் பேச்சும் மனிதரை இனம்பிரிக்கும் கருவிகளாயின. எந்தத் தரப்புக்கும் முழுதாக அகப்படாத பெயர்களும் அத்தீவில் இருந்தன என்பது எண்ணத்தக்கது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள் கடலில் எல்லைக்கோடு வரைந்தன. அக்கோட்டைக் கடந்தமைக்காகச் சிறைப்படுவோர் இன்றும் உளர். இருகரைப் படகுகளிலும் ஒரே குடும்பப் பெயர் உடையோர் இருத்தல் கூடும் என்பதை அக்கோடு அறியாது.

எஞ்சிய கடமை

இப்பெயரின் வரலாற்றைக் குடும்பவாரியாக எழுதக் கல்வெட்டும் செப்பேடும் உதவா. கடலையே வயலாகக் கொண்டோர்க்குத் தலைமுறை கூறும் நிலப்பத்திரமும் இல்லை. அவர்களுக்குள்ள ஆவணம் பங்குக் கோயில்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளே. 1563 இல் திரெந்துப் பொதுச்சங்கம் இவற்றைக் கட்டாயமாக்கிற்று. உப்புக்காற்றும் கரையானும் அவற்றைத் தின்கின்றன.

அப்பதிவேடுகளில் மற்றொரு செல்வமும் உண்டு. மச்சாடோ வீட்டுப் பெண் பர்னாந்து வீட்டில் மணம் புகுந்தால் பிள்ளைகள் பர்னாந்து ஆவர். தாயின் குடிப்பெயர் அடுத்த தலைமுறையில் மறையும். அப்பெயரைத் தேடுவோர்க்குத் திருமணப் பதிவேடு ஒன்றே கதி. தந்தை பெயர் வாசற்பலகையில் வாழ்கிறது. தாய் பெயர் பழுப்பேறிய தாளில் மட்டுமே வாழ்கிறது.

ஆதலின், தூய தமிழ்ப்பெயர் வேண்டும் என்னும் விருப்பால் இக்குடும்பப் பெயரை நீக்குவோரைக் குறைகூற வேண்டுவதில்லை. அது அவரவர் உரிமை. நீக்குமுன் அப்பெயர் வந்த வழியை எழுதிவைப்பது அவர்தம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை. தாத்தா பர்னாந்து என்றாரா, பெர்னாண்டோ என்றாரா, பாட்டி எந்த ஊரில் எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்னும் இரு வினாக்களுக்கு விடை கூறும் முதியோர் இன்னும் சிலரேனும் உளர். பதிவேடுகளைப் படியெடுத்தலும், அம்முதியோரின் சொல்லைப் பதிவு செய்தலும் கடற்கரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள். இலக்கிய வட்டங்கள் அதற்குத் துணைநிற்குமாயின், அடுத்த பத்தாண்டு நிறைவில் இப்பொருள் பற்றிய விரிவான நூலொன்று அவைக்கு வரக்கூடும்.