படத்தின் பின்புறம்



1950களில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் எடுக்கப்பெற்ற குழந்தைகளின் படங்களை நாம் ‘வீட்டுப் படம்’ என்கிறோம். ஆயினும் அவற்றுட் பல வீட்டினுள் எடுத்தவை அல்ல. அக்காலப் பெட்டிக் கேமராவுக்கு நல்ல வெயில் வேண்டும். ஆகவே குழந்தையை வாசற்படிக்கு அழைத்துவந்தார்கள். நாற்காலியும் உடன் வந்தது. சுளித்த முகத்தைக் கண்டவுடன் வறுமை என்றோ அச்சம் என்றோ பொருள்கொள்ள வேண்டா. கண்ணில் வெயில் பட்டிருக்கலாம். வறுமையைத் தேட வேண்டிய இடம் படமே இல்லாத வீடுகள். 1948இல் அவசரகால விதிகளின்கீழ் அடையாள அட்டை வந்தபோது, 12 வயது நிரம்பியோர் அனைவரும் படமெடுக்க நேர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அதுவே முதற்படமாக இருந்திருக்கக்கூடும்.

என் துறைக்கு முன்புறத்தைவிடப் பின்புறமே பயன் மிக்கது. பென்சிலால் ‘அம்மம்மாவுக்கு’ என்று எழுதியிருப்பின் யாழ்ப்பாண வழக்குடைய குடும்பம் என ஊகிக்கலாம். இரயில்வே கிராணிமாருள் அவ்வூரினர் பலர். ‘அப்பாயிக்கு’ என்றிருப்பின் திருச்சி, தஞ்சைப் பக்கம் நோக்க வேண்டும். ‘தம்பி, ஒரு வயது’ என்னும் குறிப்பில் வரும் தம்பி உடன்பிறந்தவனாகவே இருக்க வேண்டியதில்லை. தாய் தன் மகனையும் தம்பி என்றே அழைப்பாள். இஃதறியாது வரையும் வம்சாவளியில் மகன் தாய்க்கு இளையவனாகிவிடுவான்!

காலக்கணிப்பில் ஊர்ப்பெயர் உதவும். ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்ற பெயர் 1972இல் மாறிற்று. அப்பெயர் கண்ட குறிப்பு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. எழுத்துவடிவம் அவ்வளவு துணைசெய்யாது. துதிக்கையுள்ள பழைய ‘லை’ தமிழகத்தில் 1978இல் சீர்திருத்தப்பட்டது எனினும், பழைய முறையில் பயின்றோர் பிற்காலத்தும் அவ்வாறே எழுதினர். அவ்வடிவம் எழுதியவரின் பள்ளிப்பருவத்தைச் சொல்லும். படத்தின் ஆண்டைச் சொல்லாது.

பிரிக்பீல்ட்ஸின் ‘நூறு குவாட்டர்ஸ்’ வீடுகளை இடித்தாகிவிட்டது. அங்கு எடுத்த படங்களைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து குடும்பத்தாரிடையே பகிர்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் பதிவது முன்புறத்தை மட்டும். பூச்சி அரித்த மூலம் குப்பைக்குப் போகிறது. அதனுடன் பாட்டியின் கையெழுத்தும் போகிறது. ஒருவேளை அவர் எழுதியதில் எஞ்சியது அந்த ஒற்றை வரியாகவே இருக்கலாம்.

இருபுறமும் பதிந்து, இரண்டுக்கும் ஒரே எண் இடுங்கள். ஆல்பத்தில் பசையிட்டு ஒட்டியவற்றைப் பிய்க்காதீர்கள். கறுப்புத் தாளோடு எழுத்தும் உரிந்துவிடும். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருப்பின், ‘இது யார்?’ என்று கேட்டபின் படத்தைத் திருப்பிக் காட்டி, ‘இது யார் எழுதியது?’ என்றும் கேளுங்கள்.